ஏறாதவனைக் கப்பலேற்றிய கதை

உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் கொடுத்துவிட்டுப் போன திரைக்கதையைப் படித்து முடித்தேன். யார் என்று சொல்லப் போவதில்லை. அவரே இப்போது தலையைக் குனிந்துகொண்டிருப்பார். அதில் ஒவ்வொரு ஆளும் எதைச் செய்தாலும் அடுத்த வசனத்திலேயே அதற்குக் காரணம் சொல்லிவிடுகிறான். ஒருவன் தண்ணீர் குடிக்கிறான், உடனே 'ரொம்ப தாகமா இருந்துச்சு' என்கிறான். ஐயா, தண்ணீர் குடிப்பவனைப் பார்த்து எந்த ரசிகனாவது காரணம் கேட்டானா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் அந்த வியாதி இருந்தது. அது எங்கே போய் முட்டிக்கொண்டு நின்றது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். கேட்டு முடித்ததும் தெளிவு பிறக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எனக்கே இன்னும் பிறக்கவில்லை.

அறுபதுகளின் கடைசி. சென்னையில் ஒரு படக்கம்பெனியின் கதை இலாகாவில் இருந்தேன். கதை இலாகா என்றால் இன்று உங்களுக்குச் சிரிப்பு வரும். ஐந்தாறு பேர் பாயில் உட்கார்ந்து, வெற்றிலையைக் குதப்பியபடி, ஒரே கதையை ஆளுக்கொரு பக்கமாக இழுப்போம். கிழியாமல் மிஞ்சுவது படமாகும். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும் என்பதால், வெளிநாட்டு நாவல்களைப் படித்துச் சுருக்கிச் சொல்வது என் வேலை. படப்பிடிப்பு தொடங்கிவிட்டால் டைரக்டருக்கு அடுத்த நிலையில் நிற்பதும் நான்தான்.

அந்த டைரக்டரின் பெயர் வேண்டாம். அவரும் விரும்பமாட்டார். ஒல்லியான மனிதர். எப்போதும் வெள்ளை முழுக்கைச் சட்டை, சாம்பல் நிறக் கால்சட்டை. அதற்கு முன் அவர் எடுத்த இரண்டு படங்களும் வந்த சுவடு தெரியாமல் போயிருந்தன. மூன்றாவதும் போனால் அவரை யாரும் ஸ்டூடியோ வாசலில்கூட நிற்க விடமாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு பழைய ஐரோப்பிய நாவலைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். 'இதைத்தான் எடுக்கப்போறேன்' என்றார்.

படித்தேன். ஒரு குமாஸ்தா ஆபீஸ் வேலையாக ஒரு தீவுக்குப் போகிறான். வேலை முடிகிறது. ஊருக்குத் திரும்பத் துறைமுகத்துக்கு வருகிறான். கப்பல் நிற்கிறது, கையில் டிக்கெட் இருக்கிறது, யாரும் தடுக்கவில்லை. அவன் ஏறவில்லை. கப்பல் போய்விடுகிறது. புத்தகத்தின் முதல் பாதி அவன் துறைமுகத்துக்கு வருவது வரை, மறுபாதி அவன் ஏறாமல் நின்றது. ஏன் ஏறவில்லை என்று ஆசிரியர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. மறுபடி படித்தேன். பக்கம் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பிரித்துக்கூடப் பார்த்தேன். இல்லை. இருத்தலியம் என்று இப்போது நீங்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறீர்கள். எங்களுக்கு அப்போது அந்தச் சொல்லெல்லாம் தெரியாது. வெள்ளைக்கார வேதாந்தம் என்று வைத்துக்கொண்டோம்.

கதை இலாகா விடுமா? ஊரில் அவன் கொலை செய்திருக்கிறான் என்றார் ஒருவர். காதலி இன்னொருவனைக் கட்டிக்கொண்டாள் என்றார் இன்னொருவர். அவனுக்கு ஒரு தம்பி உண்டு, அச்சு அசலாக இவனைப் போலவே இருப்பான் என்று ஆரம்பித்த மூன்றாமவரை டைரக்டர் எழுந்து வெளியே அனுப்பினார். அப்புறம் எங்களைப் பார்த்து, 'இன்னையிலேருந்து இந்தப் படம் முடியற வரைக்கும் ஏன்ங்கற வார்த்தைய யாரும் என் காதுல போடக் கூடாது. அவன் ஏறல. அவ்வளவுதான் கதை' என்றார்.

எங்கள் முதலாளி, அதாவது தயாரிப்பாளர், நல்ல மனிதர், கதையை முழுதாகக் கேட்கும் பழக்கம் இல்லாதவர். இடைவேளைக்குப் பிறகு காரணம் வரும் என்று நினைத்துச் சம்மதித்துவிட்டார். வராது என்று தெரிந்தபோது பாதிப் படம் முடிந்திருந்தது. கடைசியில் இருவரும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். அந்தமானில், கப்பல் புறப்படும் நாளன்று, காரணம் இல்லாத முடிவை டைரக்டர் எடுத்துக்கொள்ளலாம். அது சரியாக வராவிட்டால், அதே தீவில் இருக்கும் சிப்பிகாட் தோட்டத்தில் கதாநாயகி பின்னாலிருந்து கூப்பிட, அவன் கப்பலை மறந்து திரும்பி ஓடுகிற முடிவைப் படமாக்க வேண்டும். அதற்குக் கப்பலே வேண்டாம், தென்னந்தோப்பு போதும்.

முதலாளியின் மைத்துனர் போர்ட் பிளேரில் கட்டட கான்ட்ராக்டர். எங்களுக்கு இருக்க இடமும் வண்டியும் கொடுத்தவர் அவர்தான், எங்களை வேவு பார்த்தவரும் அவர்தான். தினமும் சாயங்காலம் வந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருவார். 'மச்சான் தந்தி குடுத்திருக்காக. காரணம் ஏதும் தட்டுப்பட்டுச்சான்னு கேக்கச் சொன்னாக' என்பார். டைரக்டர் கடலைப் பார்ப்பார். நான் கான்ட்ராக்டருக்கு டீ கொடுப்பேன்.

கப்பலில் போனபோதே முதல் கோளாறு. உடைப் பெட்டிக்குள் உப்புத் தண்ணீர் புகுந்து, கதாநாயகனின் சட்டை எல்லாம் துருக்கறை. போர்ட் பிளேரில் அவசரத்துக்குத் தையல்காரர் கிடைக்கவில்லை. டைரக்டர் தன் சட்டைகளில் இரண்டையும் ஒரு கால்சட்டையையும் எடுத்துக் கொடுத்தார். அளவு கச்சிதமாக இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கதாநாயகன் பாலகுரு மதுரை நாடகக் கம்பெனியிலிருந்து வந்தவன். நல்ல நடிகன். ஆனால் நாடகக்காரனுக்குக் காரணம் இல்லாமல் கையைக்கூடத் தூக்க வராது. வண்டூர் கடற்கரையில் அவனைத் தனியாக நிற்கவைத்து ஒத்திகை பார்த்தோம். சோகமாக நின்றான். 'சோகம் வேண்டாம்' என்றார் டைரக்டர். விறைப்பாக நின்றான். 'கோபமும் வேண்டாம்.' எதுவுமில்லாமல் நின்றான். 'செத்தவன் மாதிரி இருக்கே, உயிரோட நில்லுய்யா.'

பாலகுரு என்னிடம் வந்து காதோடு கேட்டான். 'அண்ணே, ஒரே ஒரு துளி சொல்லுங்கண்ணே. அவன் ஏன் ஏறல? துளி கெடச்சா போதும், மிச்சத்த நான் பிடிச்சுக்கிருவேன்.'

'தெரியாதுப்பா.'

'நீங்கதான புத்தகத்தப் படிச்சீங்க?'

'படிச்சேன். அதுலயும் இல்ல.'

அவன் என்னை நம்பவில்லை. டைரக்டருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்றை அவனிடம் மறைக்கிறோம் என்றே கடைசிவரை நினைத்தான். சோறு சரியாக இறங்கவில்லை. ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்ற நினைப்பு வேறு அவனுக்கு.

எங்களுக்குச் சோறு போர்ட் பிளேரின் ஜங்லிகாட் பகுதியில், ஞானம்மாள் வீட்டில். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். கணவர் படகுப் பட்டறையில் மெக்கானிக். தீவுக்கு வந்து பல வருஷம் ஆனவர். பத்துப் பேருக்கு மீன்குழம்பு வைத்துக்கொண்டே பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்ணிடம் இந்தியில் சண்டை போடுவார், எங்களிடம் தூத்துக்குடித் தமிழில் சமாதானம் பேசுவார். எனக்கு அவர் வைத்த பெயர் கதைக்காரத் தம்பி.

'கதைக்காரத் தம்பி, அந்தப் பிள்ளைக்கு என்ன வந்திச்சு? தட்டுல கைய வச்சிக்கிட்டே இருக்கான், திங்க மாட்டிக்கான்.'

'படத்துல அவன் கப்பல்ல ஏறக் கூடாதுக்கா. அது அவனுக்குப் புரியல.'

'டிக்கெட் உண்டுமா?'

'உண்டு.'

'போலீஸ் புடிக்குதோ?'

'இல்ல.'

'பொறவு என்னத்துக்கு ஏறல?'

'தெரியலக்கா.'

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'இதுக்கா மெயின்லேண்ட்லேருந்து இம்புட்டுப் பேரு வந்திருக்கிய?' என்றார். உண்மையில் அவ்வளவு நேர்மையான விமரிசனத்தை அந்தப் படத்துக்குப் பிறகு எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

இப்போது அந்த ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கப்பல் நாள் என்றால் ஊரே ஜெட்டியில், அதாவது கப்பல்துறையில், இருக்கும். வழியனுப்ப ஆள் இருக்கிறதோ இல்லையோ, கடையைச் சாத்திவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். யார் வந்தார்கள், யார் போகிறார்கள் என்று பார்ப்பதுதான் அங்கே திருவிழா. கப்பல் போனால் அடுத்தது எப்போது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதனால் கடைசி நிமிஷத்தில் யாராவது ஓடிவந்தால் மொத்த ஜெட்டியும் அவரைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளும். மூட்டை, குழந்தை, கிழவர், எதுவானாலும் கை மாறிக் கை மாறி ஏணிப்படியில் போய்ச் சேரும். தமிழர், வங்காளி, ராஞ்சிப் பக்கத்திலிருந்து கூலிக்கு வந்தவர் என்ற பேதமெல்லாம் அந்த ஐந்து நிமிஷம் கிடையாது. நாங்கள் வந்து இறங்கிய நாளிலேயே இதைப் பார்த்தோம், ரசித்தோம். ஆனால் நம் காட்சியோடு இதைச் சேர்த்து யோசிக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

டைரக்டருக்குக் கூட்டம் வேண்டும். அசல் கூட்டம், அசல் கப்பல். பயணி அல்லாதவரை, ஏணிப்படிக்கு முன்னால் கட்டியிருக்கும் சங்கிலிக்கு அந்தப் பக்கம் விடமாட்டோம் என்று ஜெட்டியில் சொல்லிவிட்டதால், பாலகுருவுக்கு மெட்ராஸுக்கு நிஜ டிக்கெட்டே எடுத்தோம். முந்தின இரண்டு நாளும் வெறும் ஜெட்டியில் ஒத்திகை. கப்பல் இல்லாமலே அவன் பெட்டியோடு நிற்பான், நின்றுகொண்டே இருப்பான். அவன் முகத்தை மட்டும் அருகிலிருந்து கொஞ்சம் படமெடுத்தும் வைத்தோம். அதைப் பார்க்கவும் கூட்டம். ஜங்லிகாட்டுப் பெண்கள் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். நான் ஒலிபெருக்கி வைத்து, தெரிந்த இந்தியில், 'இது சினிமா. கேமராவைப் பார்க்காதீர்கள். நீங்கள் பாட்டுக்குக் கை அசையுங்கள்' என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். எல்லோரும் சரி சரி என்று தலையாட்டி 'டீக் ஹை, டீக் ஹை' என்றார்கள்.

கப்பல் நாள் வந்தது. வெயில் நன்றாக இருந்தது. கேமராவை உயரமான ஒரு மேடையில் வைத்தோம். ஒரே டேக். கப்பல் திரும்பி வந்து மறுபடி நமக்காகப் புறப்படாது. டைரக்டர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பாலகுருவிடம் போய் அவன் காலரைச் சரிசெய்தார். 'நில்லு' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

சங்கு ஊதியது. பயணிகள் ஏறினார்கள். கேமரா ஓடத் தொடங்கியது. பாலகுரு ஏணிப்படிக்குச் சற்றுத் தள்ளி, பெட்டியைக் கையில் பிடித்து நின்றான். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றுதான் அவன் சரியாக நின்றான். சோகம் இல்லை, கோபம் இல்லை, செத்தவனாகவும் இல்லை. டைரக்டர் என் கையை இறுகப் பிடித்தார். இரண்டாம் சங்கு ஊதியது. பாலகுரு நின்றான். கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். அவன் நின்றான்.

அப்போது கூட்டத்தில் ஒரு குரல். 'அரே பாய், சடோ! ஜஹாஜ் சூட் ஜாயேகா!' ஏறப்பா, கப்பல் போய்விடும் என்று கத்தியது யாரோ ஒரு துறைமுகத் தொழிலாளி. அடுத்து இன்னொரு குரல், பிறகு பத்து. சங்கிலியை யார் அவிழ்த்தார்கள் என்று தெரியவில்லை. முதலில் போன கை யாருடையது என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஞானம்மாளின் கை. அவர் பாலகுருவின் முதுகில் உள்ளங்கையை வைத்து ஒரு தள்ளு தள்ளினார். அதற்கப்புறம் அவன் தரையில் நிற்கவில்லை. மூட்டையும் குழந்தையும் போவது போலவே கை மாறிக் கை மாறி ஏணிப்படியில் போய்விட்டான். பெட்டி மட்டும் கீழே விழுந்து கிடந்தது.

இதெல்லாம் ஒரு கண்ணிமைப்பில் நடந்ததாக நினைக்காதீர்கள். அவன் மேலே போய் நின்றபிறகு, ஏணிப்படியை எடுக்கும் முன், போதுமான நேரம் இருந்தது. 'நான் நடிகன், விடுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இறங்கியிருக்கலாம். அவன் ஒருமுறை திரும்பி எங்களைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த டிக்கெட்டை அங்கே நின்ற ஆளிடம் நீட்டினான். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

ஏணிப்படி போயிற்று. கப்பல் நகர்ந்தது. ஜெட்டி முழுக்க மகிழ்ச்சி. ஒரு ஆளைக் கப்பல் தவறாமல் காப்பாற்றிவிட்டோம் என்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

டைரக்டர் என் கையை விட்டார். 'ஏன்யா ஏறினான்?' என்றார். 'ஏன்யா? ஏன் ஏறினான்? சொல்லுய்யா, ஏன்?' ஒரு வருஷமாக எங்கள் வாயில் அந்தச் சொல் வரக் கூடாது என்று கட்டிவைத்திருந்த மனிதர், அதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார். கூட்டத்துக்குள் புகுந்து, சங்கிலியைத் தாண்டி, ஜெட்டியின் விளிம்புக்குப் போய்விட்டார். கப்பல் அதற்குள் ஒரு வீட்டின் நீளம் விலகியிருந்தது.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். நம் தொழிலில் கட் சொல்லும் உரிமை டைரக்டருக்கு மட்டும்தான். தீப்பிடித்தாலும் அவர் சொல்ல வேண்டும். இங்கே டைரக்டரே காட்சிக்குள் நடந்து போய்விட்டார். கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது. கேமராமேன் கண்ணை எடுக்காமல் என்னிடம் கேட்டார், 'கட்டா?'

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாட்டியிருந்த சுருளில் பாதிதான் மிச்சம். இருக்கிற ஃபிலிமைக் காப்பாற்றுவது புத்திசாலித்தனம். சிப்பிகாட் முடிவுக்காவது உதவும். ஆனால் சிப்பிகாட்டில் திரும்பி ஓட வேண்டியவன் கப்பலில் போய்க்கொண்டிருக்கிறான். அப்படியானால் எதற்காகக் காப்பாற்றுவது? இன்னொரு பக்கம், டைரக்டர் விளிம்பில் நிற்கிறார், விழுந்துவிடுவாரோ என்று பயம். புரொடக்‌ஷன் ஆள் அவரைப் பிடித்து இழுத்துவர ஓடப் பார்த்தான். நான் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன்.

அப்போது டைரக்டர் குனிந்தார். கீழே கிடந்த பெட்டியை எடுத்தார். கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து கப்பலைப் பார்த்து நின்றார். அதே வெள்ளைச் சட்டை, அதே கால்சட்டை, அதே ஒல்லி முதுகு. சுற்றிலும் ஊரே கை அசைக்கிறது. அவர் மட்டும் அசைக்கவில்லை.

'கட்டா?' என்றார் கேமராமேன் மறுபடியும்.

'ஓடட்டும்' என்றேன்.

ஏன் சொன்னேன்? அங்கே ஒரு காட்சி கிடைத்துவிட்டது என்று கண்டுகொண்டு சொன்னதாகப் பின்னால் பல பேட்டிகளில் அளந்திருக்கிறேன். அதை நம்ப வேண்டாம். வாயில் அது வந்தது, அவ்வளவுதான். சுருள் தீர்ந்து கேமரா தானாக நிற்கும் வரை அவர் அப்படியே நின்றார்.

அன்று சாயங்காலம் கான்ட்ராக்டர் நாற்காலியைத் திருப்பிப் போடக்கூட இல்லை, நின்றுகொண்டே சத்தம் போட்டார். 'இது யாரு செஞ்ச வேலைன்னு எனக்குத் தெரியாதாக்கும்? சிப்பிகாட்ல எடுக்கக் கூடாதுன்னே அவன நீங்கதான் ஏத்தி அனுப்பியிருக்கீக.' டைரக்டர் மறுக்கவில்லை. மறுக்கும் தெம்பில் அவர் இல்லை. கான்ட்ராக்டருக்காவது ஒரு காரணம் கிடைத்ததே என்று நான் டீ போடப் போனேன்.

மறுநாள் ஞானம்மாளிடம் கேட்டேன். எனக்குக் கோபம்தான். 'ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க? சினிமான்னு எத்தன தடவ சொன்னேன்?'

'சினிமான்னு மாலூம் தம்பி. அது பொய்யின்னு தெரியாதவளா நானு? ஆனா கப்பல் நெசம்லா. டிக்கெட்டும் நெசம்லா.' அவர் மீனைக் கழுவிக்கொண்டே பேசினார். 'எங்கம்மா செத்தப்போ சேதி வந்திச்சு. கப்பல் இல்ல. அடுத்த கப்பலு வந்து நான் ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள கல்லறைல புல்லு மொளச்சிட்டு. அந்தப் பிள்ள டிக்கெட்ட வச்சிக்கிட்டு நிக்கான், கயித்த அவுக்கான், நான் கைய அசைச்சிக்கிட்டு நிக்கணுமோ? என் கை அசையலயே தம்பி. தள்ளிட்டு.'

எனக்குக் கோபம் போய்விட்டது. ஆனால் தெளிவு வந்தது என்று சொல்ல மாட்டேன். அவர் காரணத்தோடு தள்ளினார், அது புரிகிறது. பாலகுரு எந்தக் காரணத்தோடு போனான்?

அடுத்த கப்பல் பிடித்து நாங்கள் சென்னை வந்ததும் முதல் வேலையாக அவனை அவன் ஊருக்கே தேடிப் போனேன். அவன் அம்மா நன்றாகத்தான் இருந்தார், எனக்குக் காபி கொடுத்தார். ஊரார் தூக்கிவிட்டார்கள் என்று கம்பெனியில் சொல்லியிருந்தான், அம்மா நினைப்பு வந்துவிட்டது என்று வீட்டில் சொல்லியிருந்தான். என்னிடம் இரண்டையும் சொல்லவில்லை. 'கையில டிக்கெட் இருந்துச்சுண்ணே. கப்பல் நின்னுச்சு. யாரும் தடுக்கல. ஏறிட்டேன்' என்றான்.

நாவலைத் தலைகீழாகப் பிடித்தது போல இருந்தது எனக்கு. அவனை மன்னித்தேனா, புரிந்துகொண்டேனா, தெரியாது. காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

லேபில் கழுவி வந்த சுருளைப் பார்க்க டைரக்டரும் நானும் மட்டும் உட்கார்ந்தோம். அன்று கேமரா ஓடிக்கொண்டே இருந்தது என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. பாலகுரு கைமாறிப் போவது வந்தது. டைரக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். 'பாருங்க சார்' என்றேன். திரையில் ஒருவன் கூட்டத்தைப் பிளந்து போனான். பெட்டியை எடுத்தான். நின்றான். கப்பல் சின்னதாகிக்கொண்டே போனது. கம்பியோரமாக ஒரு புள்ளி கை அசைத்தது. அது பாலகுரு. கதாநாயகன் கப்பலில் நின்று, கரையில் நிற்கும் கதாநாயகனுக்குக் கை அசைக்கிறான். கரையில் நிற்பவன் அசையவில்லை.

'யாருய்யா இது?' என்றார்.

'நீங்கதான் சார்.'

அவர் நம்பவில்லை. மறுபடி போடச் சொன்னார். அதற்கப்புறம் இன்னொரு தடவை. மூன்றாம் தடவை முடிந்து விளக்குப் போட்டபோது அவர் கண் நனைந்திருந்தது. 'இவன் ஏன் ஏறலன்னு இப்பவும் எனக்குத் தெரியல. ஆனா இவன் ஏறமாட்டான்னு தெரியுது. அது போதும்யா எனக்கு' என்றார். அந்த நாவலைப் பற்றி நான் கேட்ட விளக்கங்களில் இதுதான் எனக்கு ஒட்டிக்கொண்டது. வெற்றிலைக்காரர்கள் நாங்கள் ஆறு பேர் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். தேட வேண்டியது அது இல்லையோ என்று முதல்முறையாகச் சந்தேகம் வந்தது.

மிச்சம் இருந்தது முதலாளி. அவர் வேண்டாம் என்று சொன்னால் பாலகுருவையும் கதாநாயகியையும் ஏதாவதொரு தென்னந்தோப்பில் நிறுத்தி எடுத்துச் சேர்த்துவிடுவார்கள். ஒரு நாள் காலை ஸ்டூடியோ தியேட்டரில் அவருக்குப் படத்தைப் போட்டுக் காட்டினோம். பாலகுருவின் முகம், ஒத்திகையில் எடுத்தது, அதற்கடுத்து அந்த முதுகு. படம் முடிந்தது. முதலாளி எழுந்திருக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

'பாவம்யா. வந்து சேர்றதுக்குள்ள கப்பலைக் கோட்டை விட்டுட்டான்.'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வருஷமாக டைரக்டர் உயிரைக் கொடுத்துக் காத்தது ஒரே ஒரு விஷயம்: அவன் கப்பலைத் தவறவிடவில்லை, ஏறவில்லை. முதலாளி அதைத் தாமதமாக வந்த ஆசாமியின் கதையாக ஆக்கிவிட்டார். மனிதருக்குக் காரணம் கிடைத்துவிட்டது, நிம்மதியாக இருக்கிறார்.

'அப்படித்தானே டைரக்டர்?' என்று கேட்டார். 'இது போதும். தோப்பெல்லாம் வேண்டாம். நெஞ்ச அடைக்குது.'

டைரக்டர் வாயைத் திறந்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த முதுகு படத்தில் இருக்காது. ஆமாம் என்றால் முதுகு இருக்கும், படம் அவருடையதாக இருக்காது. நான் அவர் காலை மிதிக்கலாமா என்று நினைத்தேன். எந்தப் பதிலுக்காக மிதிப்பது என்று தெரியாமல் சும்மா இருந்தேன்.

'ஆமாங்க' என்றார்.

படம் அப்படியேதான் வெளிவந்தது. ஓடவில்லை. அவருக்கு அதன்பிறகு படமும் கிடைக்கவில்லை. அந்தக் கடைசிக் காட்சியைப் பற்றி இன்றைக்கு நீங்கள் எல்லாம் பேசுகிறீர்கள். முதுகாலேயே நடித்திருக்கிறான் என்று பாலகுருவைப் புகழ்கிறீர்கள். அவனும் அதை மறுப்பதில்லை.

நான் சொல்ல வந்தது அது இல்லை. அன்று காலை இருவரும் ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். அவர் கையில் ஒரு பை. முகத்தில் நான் எதிர்பார்த்த வருத்தம் இல்லை. சந்தோஷமும் இல்லை. எனக்குத்தான் அடக்க முடியவில்லை. அவர் போட்ட தடையை மீறிக் கேட்டுவிட்டேன்.

'ஏன் சார் ஆமான்னு சொன்னீங்க?'

அதற்குள் எங்கள் பஸ் வந்துவிட்டது. அவர் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுகிற பஸ். கூட்டமும் இல்லை. நான் முன்னால் ஏறிப் படியில் நின்று அவருக்காகக் கையை நீட்டினேன். அவர் பையைப் பிடித்துக்கொண்டு சாலையில் நின்றார்.

'பெரியவரே, ஏறுறீங்களா இல்லையா?' என்றார் கண்டக்டர்.

அவர் நின்றார். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர ஆரம்பித்தபோது நான் குதித்து இறங்கி, அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். ஏன் இறங்கினீர்கள் என்று மட்டும் என்னைக் கேட்டுவிடாதீர்கள்.